பிடி அரிசியும் வருகைப் பதிவேடும்

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். திருச்சுழி பக்கத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஊர் பெயர் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்படி நடக்குதுன்னு பார்க்கலாம்னு தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிட்டுப் போய் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபது பேர் குழுவில் வந்தது பதினொரு பேர். ஒன்பது பேர் பெண்கள். முதல் வேலையாகக் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. அப்புறம் ஒரு போட்டோ. அதற்குப் பிறகுதான் பேச்சு.

கழிப்பறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவர், காலை உணவு என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு அம்மா எழுந்தார்.

"பெரிய டீச்சர், போன மாசமும் இதத்தான கேட்டோம். எட்டு முடிச்ச பிள்ளைக ஒம்பதாப்புக்கு எப்படிப் போகும்? பள்ளிக்கூடம் விடுறது நாலே காலு. திரும்பி வர்ற பஸ்ஸு ஆறரைக்கு. மெயின் ரோட்டுல எறங்கி கருவேலங்காட்டுக்குள்ள இருட்டுல நடந்து வரணும். பொம்பளப் பிள்ளையள எப்படி அனுப்புறது?"

"எழுதியிருக்கோம்மா. மேல அனுப்பியாச்சு."

"மேலன்னா யாரு டீச்சர்?"

இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பதில் தெரியாது. அந்த ஊரில் அந்த வருஷம் எட்டு முடித்த நான்கு பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு போகவில்லை. ஒருத்தி மில்லுக்குப் போய்விட்டாள் என்று வெளியே வந்த பிறகு சொன்னார்கள்.

"கல்வியில் பெற்றோர் ஈடுபாடு" பற்றி எந்தக் கட்டுரை படித்தாலும் எனக்கு இப்போது அந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது. மேலன்னா யாரு? குடும்பத்தைப் பள்ளியோடு சேர்க்கிற அமைப்புகள் இந்தக் கரிசல் சீமையில் நூற்றுச் சொச்சம் வருஷமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்று, "அந்தக் காலத்துல உறவின்முறை எப்படி நடத்துச்சு தெரியுமா" என்கிற பெருமைக் கதை. இன்னொன்று, "இப்போது சட்டப்படி பெற்றோர் கையில் பள்ளி" என்கிற அறிக்கைக் கதை. இரண்டிலும் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதல் கதை: மகமை

அருப்புக்கோட்டையில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஒரு சமூகத்தின் பெயர் தாங்கிய பள்ளிக்கூடம் கண்ணில் படும். எஸ்.பி.கே. என்று சுருக்கிச் சொல்கிற சைவ பானு சத்திரிய பள்ளிகள், 1970-ல் வந்த அதே பெயர்க் கல்லூரி, நெசவாளர்களான தேவாங்கர்களின் பள்ளி, கல்லூரி. அரசாங்கம் கொண்டுவந்து வைத்தவை அல்ல இவை. உறவின்முறை என்று நாம் சொல்கிற ஊர்ச் சமூக அமைப்புகள் எழுப்பியவை.

ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் எழுதிய 'தி நாடார்ஸ் ஆஃப் தமிழ்நாடு' புத்தகம் இதன் முன்கதையைச் சொல்கிறது. அதற்குப் பிறகு டென்னிஸ் டெம்பிள்மேன் 1996-ல் வடக்கத்தி நாடார்களைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் வியாபாரம் செய்யக் குடியேறியவர்கள் பேட்டை கட்டினார்கள். சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்தார்கள். முதலில் பாதுகாப்புக்கும் கோயிலுக்கும் போன அந்தப் பணம் பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889-ல் தொடங்கியது. காமராஜர் படித்தது அங்கேதான். வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து அந்தப் பள்ளியை நடத்தினார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள்.

காலத்தைக் கவனியுங்கள். பக்கத்துக் கமுதியில் கோயிலுக்குள் போனதற்காக 1897-ல் தகராறு, அதன் மேல் வழக்கு. 1899-ல் சிவகாசிக் கலவரம். 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் வழக்கு தோற்றது. கோயில் கதவு மூடப்பட்ட அதே இருபது வருஷத்தில்தான் பள்ளிக்கூடக் கதவு திறக்கிறது. பள்ளியின் பெயரில் 'சத்திரிய' என்று இருப்பதே அந்தச் சண்டையின் தழும்பு. படிப்பு அந்தச் சமூகத்துக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. பிடி அரிசி எடுத்து வைத்த வீட்டுக்காரர், "என் அரிசியில நடக்குற பள்ளிக்கூடம்" என்று வாத்தியாரைக் கேள்வி கேட்க முடியும். இன்றைக்கு ஆய்வாளர்கள் பெற்றோர் ஈடுபாடு என்று தேடுவது அந்த உரிமை உணர்வைத்தான்.

இதுவரை பெருமைக் கதையோடு எனக்குச் சண்டை இல்லை. இனிமேல் மூன்று இடத்தில் உண்டு.

முதலாவது, உறவின்முறையில் உறுப்பினர் யார்? தலைக்கட்டு. கல்யாணமான ஆண். அரிசியைத் தினம் அளந்து எடுத்து வைத்தவர் அந்த வீட்டுப் பெண். கணக்குக் கேட்கப் போனவர் அவர் புருஷன். குடும்பம் ஈடுபட்டது என்று சொல்கிறோம், குடும்பத்தில் பாதி கூட்டத்துக்கு வெளியே நின்றது. அரிசியைப் பற்றி எழுதியவர்கள் பிடித்த கையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது, மகமை என்பது வியாபாரத்தில் உபரி இருந்தால் மட்டும் முடிகிற காரியம். மூட்டை இருந்தால்தானே மூட்டைக்குக் காசு? அருப்புக்கோட்டையில் இந்த வழி நாடார்களுக்குத் திறந்தது. தறியும் துணி வியாபாரமும் இருந்ததால் தேவாங்கர்களுக்கும் திறந்தது. காட்டு வேலைக்கும் கரிமூட்டத்துக்கும் போகிற தலித் குடும்பங்களுக்கு எதில் மகமை பிரிப்பது? "அவங்களும் இப்படி ஒண்ணு சேர்ந்து செஞ்சிருக்கலாம்ல" என்று சிலர் சாதாரணமாகக் கேட்பார்கள். ஒற்றுமை இல்லாததால் பள்ளி வரவில்லை என்பது போல. ஒற்றுமை இருந்தாலும் பேட்டை வேண்டுமே.

மூன்றாவது என் ஊகம், ஆனால் கணக்கு போட்டால் வருகிற ஊகம். மூட்டைக்கு இவ்வளவு என்று பிடிக்கிற பணம் வியாபாரியின் பையிலிருந்து மட்டும் போகாது. பருத்தியும் வத்தலும் மல்லியும் கொண்டுவந்து போட்ட கரிசல் விவசாயிக்குக் கிடைத்த விலையிலும் அதில் கொஞ்சம் கழிந்திருக்கும். எந்தச் சந்தைத் தீர்வையும் அப்படித்தான் இரண்டு பக்கமும் பங்கு பிரியும். அப்படியென்றால் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரியும் அந்தப் பள்ளிக்குப் பணம் கட்டியிருக்கிறார். அவர் பெயர் கல்வெட்டில் இல்லை, கூட்டத்தில் நாற்காலியும் இல்லை. அந்தப் பள்ளிகள் எல்லா சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டன, அது பெரிய விஷயம், மறுக்க மாட்டேன். ஆனால் சேர்த்துக்கொள்வது வேறு, நிர்வாகத்தில் உட்கார வைப்பது வேறு. முதலாவது தாராளம். இரண்டாவதுதான் பங்கு.

நடுவில் ஒரு காலம்

சாதிக்குப் பதில் ஊரையே அமைப்பாக்கிப் பார்த்த ஒரு முயற்சியும் நடந்தது. காமராஜர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊர்க்காரர்கள் கொடையை நம்பித்தான் நடந்தது. பிறகு அரசு அறுபது பங்கு, ஊர் நாற்பது பங்கு என்று ஆனது. 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர்க்காரர்கள் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று கொடுத்தார்கள்.

படித்துப் பார்த்தால் மனசு நிறையும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த மாநாடுகளில் குடும்பங்களை அழைத்தது கொடையாளிகளாக. கொடுக்க முடிந்தவர் மேடையில், முடியாதவர் பந்தலில். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள், அந்தத் தலைமுறையில் முதல் எழுத்தைக் கண்ட வீடுகள் ஏராளம். அதற்கு முன்னால் என் சந்தேகம் சின்னது. ஆனாலும் 'ஊர் ஒத்துழைப்பு' என்றால் கொடை என்று நம் கல்வித்துறைக்குப் பழகிப்போனது அங்கேதான் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் பள்ளியில் கூட்டம் என்றால் சில ஊர்களில் "எவ்வளவு வசூல்?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

இரண்டாம் கதை: சட்டம்

2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் அமலான கல்வி உரிமைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. 21-ஆம் பிரிவு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடம். பணம் கட்டினால் உறுப்பினர் என்ற பேச்சே இல்லை, பிள்ளை அங்கே படித்தால் போதும். உறவின்முறை எந்த இரண்டு பேரை வெளியே நிறுத்தியதோ, பெண், நிலமில்லாதவர், அந்த இரண்டு பேரையும் சட்டம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கலாம், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் இது பல வருஷம் காகிதத்தில் கிடந்தது. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்கப் பெற்றோர் கூட்டம் போட்டுக் குழுக்களைப் புதுப்பித்தார்கள். தலைவர் பதவியும் பெற்றோருக்கு, அதுவும் ஒரு அம்மாவுக்கு. 2024-ல் மறுபடியும் புதுப்பித்தார்கள். நான் பார்த்த கூட்டத்தில் தலைவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இதை நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. அந்த ஊரில் எந்தக் கமிட்டியிலும் அவர் குடும்பத்தில் யாரும் தலைவராக உட்கார்ந்ததில்லை என்று அவரே சொன்னார்.

சரி, உட்கார வைத்தாயிற்று. அப்புறம்?

கூட்டம் மத்தியானம் மூன்று மணிக்கு. நூறு நாள் வேலையில் அப்போது செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு போட்டோ. இரண்டாவது போட்டோவில் இல்லையென்றால் அன்றைய கூலி சந்தேகம். பள்ளிக் கூட்டத்துக்கு வந்தால் அங்கேயும் ஒரு போட்டோ. ஒரே பெண் ஒரே நாளில் இரண்டு இடத்தில் போட்டோவுக்கு நிற்க வேண்டும். வராத ஒன்பது பேரைப் பற்றி "பெற்றோர் ஆர்வம் குறைவு" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பெற்றோர் ஈடுபாடு பற்றி உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படுகிற வகைப்பாடு அமெரிக்காவின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் செய்தது. ஆறு வகை: வளர்ப்பு, தகவல் பரிமாற்றம், தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுத்தல், சமூகத்தோடு கைகோப்பது. நல்ல பட்டியல். ஆனால் பள்ளியின் பக்கத்திலிருந்து போட்ட பட்டியல். பள்ளி வீட்டுக்காரர், குடும்பம் விருந்தாளி. விருந்தாளி வந்தாரா, எத்தனை தடவை வந்தார் என்று எண்ணுவது அதில் சுலபம். விருந்தாளி கேட்டது கிடைத்ததா என்று எண்ணுவதற்குத் தனி இடம் கிடையாது. அதே நாட்டின் அனெட் லாரோ 2003-ல் எழுதிய புத்தகத்தில் வேறொன்றைக் காட்டினார். நடுத்தர வர்க்கப் பெற்றோர் பள்ளியிடம் உரிமையோடு கேட்கிறார்கள், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் படிப்பை வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். "நீங்க பாத்து செய்யுங்க சார்" என்று நம் ஊரில் கேட்டிருப்போமே, அதுதான். ஆனால் லாரோ சொல்லாத ஒன்றை அந்தக் கூட்டத்தில் பார்த்தேன். அந்த அம்மா தள்ளி நிற்கவில்லை. தெளிவாக, இரண்டாவது தடவையாக, உரிமையோடு கேட்டார். கேட்கத் தெரியாதது அங்கே பிரச்சினையே இல்லை. காது எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

எண்ணாமல் விட்ட ஈடுபாடும் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த வருஷம் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற அம்மாக்கள். விடிவதற்கு முன் பள்ளிக்கு வந்து அடுப்பு பற்ற வைப்பவர் பெற்றோர் ஈடுபாட்டில் வருவாரா? பதிவேட்டில் வர மாட்டார். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் பக்கத்துத் தெருப் பெண் திண்ணையில் இருபது பிள்ளைகளை வைத்துச் சாயங்காலம் பாடம் சொன்னார். ஊக்கத்தொகை மாசம் ஆயிரம் ரூபாய். அப்பனும் ஆத்தாளும் வேலை முடிந்து வந்து பிள்ளை என்ன படிக்குதுன்னு கண்ணால் பார்த்தது அந்தத் திண்ணையில்தான். பிற்பாடு மையங்கள் குறைந்தன. குறைக்கும்போது எந்த மேலாண்மைக் குழுவிடமும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

போவதும் பேசுவதும்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும். ஒரு நிறுவனம் சரியில்லை என்றால் மக்களுக்கு இரண்டு வழி: விட்டுப் போவது, அல்லது இருந்து குரல் கொடுப்பது. குரலுக்கு மதிப்பு வருவது போய்விடுவார்கள் என்ற பயத்தால்தான் பாதி.

கல்வி உரிமைச் சட்டத்தை இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு 21-ஆம் பிரிவின் மேலாண்மைக் குழு கட்டாயம் இல்லை. அங்கே பணம் கட்டுகிற பெற்றோருக்குக் குரல் சட்டத்தில் இல்லை, போகிற வழி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பெற்றோருக்குக் குரல் சட்டத்தில் இருக்கிறது, போகிற வழி இல்லை. அருப்புக்கோட்டை டவுனுக்கு வேன் வைத்து அனுப்ப முடிந்தவர்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். ஊரில் கொஞ்சம் எழுதப் படிக்க, ஆபீசுக்குப் போய்ப் பேசத் தெரிந்த குடும்பங்கள் அவர்கள். மிச்சம் இருப்பவர்களிடம்தான் "வாங்க, பள்ளியை நீங்களே மேலாண்மை செய்யுங்க" என்கிறோம்.

உறவின்முறைக்கு இருந்து இந்தக் குழுவுக்கு இல்லாதது என்ன என்று யோசித்தால் எனக்கு மூன்று தெரிகிறது. சொந்தப் பணம். வாத்தியாரை, வேலையை, பொருளை முடிவு செய்கிற அதிகாரம். முந்தின கூட்டத்துக் கணக்கை நாலு பேர் முன்னால் ஒப்புவிக்க வேண்டிய கட்டாயம். குழுவுக்கு இருந்து உறவின்முறைக்கு இல்லாதது ஒன்று: எல்லாரும். அதிகாரம் இருந்த இடத்தில் எல்லாரும் இல்லை. எல்லாரும் வந்த இடத்தில் அதிகாரம் இல்லை. நூறு வருஷக் கதையை இப்படி இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்று நினைக்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

அந்த பஸ்ஸு

பஸ் கேள்விக்கே திரும்புகிறேன். அது சில்லறைக் கேள்வி இல்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து கட்டணம் கிடையாது. காசு பிரச்சினை தீர்ந்தது, நேரம் தீரவில்லை. அரசு சைக்கிள் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். இந்த ஊரில் பிள்ளை நிற்பது ஒன்பதாம் வகுப்பில். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு மாசம் ஆயிரம் ரூபாய், 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டம். நல்ல திட்டம். எட்டோடு நின்றவளுக்கு அது எட்டாது. ஒவ்வொரு திட்டமும் தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கிறது. நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்துச் சொன்னது எந்த நிபுணரும் இல்லை, பின் வரிசையில் எழுந்து நின்ற ஒரு அம்மா. பெற்றோர் குழு என்ற ஏற்பாடு எதற்காக உண்டாக்கப்பட்டதோ அந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்துவிட்டார். மற்றவர்கள் செய்யவில்லை.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல வருஷம் முதலிடத்தில் நின்ற மாவட்டம் விருதுநகர். அதே மாவட்டம் 2018-ல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலிலும் வந்தது. அந்தப் பட்டியலுக்குக் கல்வி மட்டும் அளவுகோல் இல்லை, தெரியும். ஆனாலும் ஒன்று சொல்லலாம். தேர்ச்சி விகிதம் பரீட்சை எழுதியவர்களைத்தான் எண்ணும். எட்டில் நின்ற பிள்ளை அந்தக் கணக்கில் தோற்கக்கூட மாட்டாள்.

நான் சொல்ல வருவது பெரிய சீர்திருத்தம் இல்லை. மூன்று சின்ன விஷயம். கூட்டம் வேலை முடிந்து வருகிற சாயங்காலத்தில் நடக்கட்டும். கையெழுத்துக்கு முன்னால் போன மாசத் தீர்மானங்களை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் யாரிடம் போனது, என்ன பதில் வந்தது என்று சொல்லட்டும். பதில் வராதவை கிராம சபையில் வாசிக்கப்படட்டும், வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. இதோடு கொஞ்சம் பணமும் குழுவின் முடிவுக்கே விட்டால் நல்லது. நாலு பிள்ளைக்கு ஒரு ஷேர் ஆட்டோ பேச மேலே யாரையும் கேட்க வேண்டியிருக்காது. முதல் மூன்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை. செலவே இல்லாதது ஏன் நடக்கவில்லை என்பதுதான் ஆராய வேண்டியது.

கூட்டம் முடிந்து டீ வந்தது. அந்த அம்மா என்னிடம் வந்து, "சார் நீங்க ஆபீஸ்லேர்ந்தா?" என்றார். இல்லம்மா, சும்மா பாக்க வந்தேன் என்றேன். "அப்ப நீங்களும் எழுதித்தான் அனுப்புவிய" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எழுதியிருக்கிறேன். மேலே யார் என்று எனக்கும் தெரியவில்லை.